வண்டியின் வயிறு தெரிந்தவன்

என் மகளுடைய வேனிலிருந்து ஒரு திருடன் அறுத்துக்கொண்டு போன பொருளை, அதே திருடன், இரண்டே நாளில், பட்டப்பகலில், தானாக என் வீடு தேடிக் கொண்டுவந்தான். அதே வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தன் கையாலேயே திரும்ப மாட்டிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனான்.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, நம்பாதவர்கள் எனக்குப் பழக்கம். எங்கள் வீட்டு மாடியிலேயே ஒருவர் குடியிருக்கிறார்.

அவர் என் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இன்சூரன்ஸ் கம்பெனியில், அடிபட்ட வண்டிகளை அளந்து பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் வேலை பார்த்தவர். முப்பத்தொரு வருஷம், அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கினார். ஓய்வு பெற்ற பிறகு அதையே இலவசமாகச் செய்கிறார். காலையில் நான் "மழை வரும் போலிருக்கு மச்சான்" என்றால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு "பாக்கலாம்" என்பார். மழை அவர் கையில் விழுந்தாலும் மேல்மாடியில் யாராவது துணி உலர்த்துகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

நானோ முப்பத்தாறு வருஷம் சைலன்சர் கடை நடத்தியவன். ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, சைலன்சரில் எந்த இடத்தில் ஓட்டை என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஓட்டுகிறவர் அன்று காலை மனைவியோடு சண்டை போட்டாரா என்றும் சொல்வேன். இதில் முதல் பாதி முழு உண்மை. இரண்டாம் பாதி பாதி உண்மை.

திருடுபோன பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து புகை வெளியே வருகிற குழாயில், ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடிக் கண்ணாகச் சல்லடை. அந்தச் சல்லடை மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம். ஒரு சிட்டிகைதான் இருக்கும். ஆனால் தங்கமே தள்ளி நிற்க வேண்டிய சிட்டிகை. கெட்ட புகை உள்ளே போய் ஒழுங்கான புகையாக வெளியே வரும். வண்டி ஓடி ஓடிப் பழசானாலும் அந்தச் சிட்டிகை அங்கேயே இருக்கும். அதனால்தான் திருடர்களுக்கு அதன் மேல் அப்படி ஒரு பாசம். வண்டிக்கு அடியில் புகுந்து, பேட்டரி ரம்பத்தால் முன்னே ஒரு அறுப்பு, பின்னே ஒரு அறுப்பு. நாம் தும்மி முடிப்பதற்குள் பெட்டி சாக்குக்குள் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தவன் சும்மா இருப்பேனா? இரண்டு வருஷம் முன்னால் மகள் அந்த வேனை வாங்கிய அன்றே ஒரு வேலை செய்தேன். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் கன்வெர்ட்டரை உடைத்துப் பார்ப்பதில்லை. மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பார்கள், செல்போனில் பட்டியலைப் பார்ப்பார்கள், விலை சொல்வார்கள். கம்பெனிப் பெட்டி என்றால் ராஜ மரியாதை. கடையில் விற்கிற டூப்ளிகேட் என்றால், அதில் பூச்சு பேருக்குத்தான் இருக்கும் என்பதால், வாசலோடு விடை. ஆகவே கம்பெனி எண்ணை மறைத்து அதன் மேல் ஒரு ஸ்டீல் துண்டை வெல்டிங் வைத்தேன். அதில் டூப்ளிகேட் எண் ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பொறித்து, சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்டை இரண்டு கை அடித்தேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அந்த ஸ்டீல் துண்டு எங்கே கிடைத்தது என்று இப்போது கேட்காதீர்கள். நேரம் வரும்போது சொல்கிறேன்.

என் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. திருடன் எண்ணைப் படித்துவிட்டு அறுக்க மாட்டான். அறுத்துவிட்டுத்தான் படிப்பான்.

மகளுடைய வேலை, சிறுநீரக நோயாளிகளை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. வாரத்துக்கு மூன்று தடவை, ஒன்பது பேர். சக்கர நாற்காலி ஏற வேனின் பின்பக்கம் ஒரு சரிவுப் பலகை உண்டு. ஆஸ்பத்திரி அவளுக்கு அந்த ஒப்பந்தத்தைக் கொடுப்பதற்குள் படிகள் தேய்ந்துவிட்டன, அவ்வளவு தடவை ஏறி இறங்கினாள். வருஷா வருஷம் புகைச் சான்றிதழ் காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும். இந்த வருஷத்துப் பரிசோதனை ஒரு வெள்ளிக்கிழமை காலை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடுப்பகல், ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்திருக்கிறாள்.

வேன் போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளி ஒருவர் காது மெஷினைக் கழற்றி வைத்தாராம். எனக்குப் போன் வந்தது.

"அப்பா, வண்டி கத்துது."

"போன்லயே கேக்குது. அடியில குனிஞ்சு பாரு."

"பாத்துட்டேன். அந்தப் பெட்டி இல்ல. ரெண்டு பக்கமும் குழாய் மட்டும் தொங்குது." அப்புறம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைப்பா."

அந்த ஒரு வார்த்தையோடு போனை வைத்துவிட்டாள். அழுகிற பெண் இல்லை அவள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேனை ஊரே திரும்பிப் பார்க்கக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் நிறுத்தினாள். மாடியிலிருந்து மச்சான் இறங்கி வந்தார். குனிந்தார், டார்ச் அடித்தார், அறுபட்ட இடைவெளியைத் துணி டேப்பால் அளந்தார். "நாப்பத்தொண்ணு சென்டிமீட்டர்" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "என் ஸ்டீல் ஸ்கேல் இருந்தா மில்லிமீட்டரும் சொல்லியிருப்பேன். அது எங்க போச்சோ."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் கேட்டாயிற்று. கம்பெனிப் பெட்டி வர ஏழு வாரம். டூப்ளிகேட் உடனே கிடைக்கும், ஆனால் இந்த மாடலுக்கு அதைப் போட்டால் பரிசோதனையில் நிச்சயம் தோல்வி. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சான்றிதழ் இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அந்த ஒன்பது பேரையும் வேறொருவர் வேனில் ஏற்றிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் மரியாதையாகவே சொன்னார்கள்.

மகள் சாப்பாட்டு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டேன்: "ஏம்மா, அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கும் சொல்லு."

"உருக்கியிருப்பாங்க."

"உருக்க மாட்டாங்க. ஒருத்தனும் வாங்கவே மாட்டான். அதுமேல டூப்ளிகேட்டுனு எழுதியிருக்கு. எழுதினது நான்."

மச்சான் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதனால?"

"அதனால அவன் கையில ஒரு பெட்டி இருக்கு, விக்க முடியல. நம்ம கையில ஒரு வண்டி இருக்கு, பெட்டி இல்ல. ரெண்டு பேரையும் பேசவெச்சா போதும்."

"கல்யாணத் தரகர் மாதிரி பேசறியே மாப்ளே."

"ஏறக்குறைய அதேதான்."

ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'இந்த மாடல் வேனுக்குப் பழைய கன்வெர்ட்டர் தேவை. டூப்ளிகேட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பவருக்கு நல்ல விலை.' கீழே வீட்டு விலாசம். அதை எடுத்துப் போய்ப் பழைய இரும்புக் கடை கேட்டில் கட்டினேன். அந்தக் கடைக்காரரை எல்லோரும் கிலோக்காரர் என்போம். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ தேறும் என்றுதான் கேட்பார். தன் சொந்தத் தம்பிக்குக் குழந்தை பிறந்தபோதும் அதைத்தான் கேட்டார் என்பார்கள், அங்கே அந்தக் கேள்வி பொருத்தமாகவும் இருந்ததாம்.

மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "திருடன் வந்து, அட்டையைப் படிச்சு, விலாசம் கேட்டு, அந்த வண்டிக்கே கொண்டுவந்து மாட்டுவான். அவன் என்ன கண்ணில்லாதவனா? தான் அறுத்த வண்டி தனக்குத் தெரியாதா?"

"அவனுக்கு வண்டியோட முகம் தெரியாது மச்சான். வயிறுதான் தெரியும். ஆஸ்பத்திரியில அதே மாதிரி வெள்ளை வேன் நாலு வரிசையா நிக்குது."

"நடந்தா நானே என் வாயால ஒத்துக்கறேன்."

"சத்தமா?"

"நடக்காத விஷயத்துக்குச் சத்தம் எதுக்கு?"

புதன்கிழமை யாரும் வரவில்லை. மச்சான் நாலு தடவை படியிறங்கி வந்து, வராதவரை விசாரித்துவிட்டுப் போனார். மகள் வாடகை வேனுக்கு அலைந்துகொண்டிருந்தாள். நானும், உள்ளதைச் சொன்னால், இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. மச்சான் பல் டாக்டரிடம் போயிருந்தார். மகள் வெளியே. மனைவி உள்ளே தையல் மெஷினில். ஷெட்டில் வேனை ஜாக்கியில் தூக்கி, பக்கத்துக்கு ஒரு ஸ்டாண்டும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் தோள் மட்டும் அகலம். முழங்கை இரண்டிலும் தார் ஒட்டியிருந்தது. ஒரு தோளில் சாக்கு, இன்னொன்றில் பை.

"ஐயா, கன்வெர்ட்டர் வேணும்னு எழுதியிருந்தது."

"ஆமா தம்பி. என்ன இருக்கு?"

சாக்கிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தான். என் வெல்டிங். என் எண். என் வெள்ளிப் பெயிண்ட். தொலைந்துபோன குழந்தையைக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருந்தது. கட்டிப்பிடிக்கத்தான் இல்லை.

"இது கம்பெனிப் பெட்டியா?" என்றேன் முகத்தை மாற்றாமல்.

"இல்லைங்க ஐயா. பொய் சொல்லக் கூடாது. டூப்ளிகேட்தான்."

உலகத்திலேயே அந்தப் பெட்டியைப் பற்றி உண்மை பேசுவதாக நினைத்துப் பொய் சொன்ன ஒரே ஆள் அவன்தான். பொய்யும் என்னுடையதுதான்.

"நேர்மையான ஆளா இருக்கே. எனக்கு முட்டி மடங்காது. குழாயை இணைக்க ஸ்லீவும் கிளாம்பும் இருக்கு, நீயே மாட்டிக் குடுத்துடு. ஓட்டிப் பாத்துட்டு விலை பேசலாம்."

ஒரு வினாடி யோசித்தான். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, அடியில் புகுந்தான். என்ன அழகாகப் புகுந்தான் தெரியுமா, மீன் தண்ணீருக்குள் போகிற மாதிரி. என் கடையில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கிளை திறந்திருப்பேன்.

பெட்டியைத் தூக்கி இடைவெளியில் வைத்தான். அறுபட்ட முனையும் அறுபட்ட முனையும் உதடும் உதடும் மாதிரிப் பொருந்தின. பின்பக்க அறுப்பு கொஞ்சம் கோணல். பெட்டியிலும் அதே கோணல்.

அடியில் சத்தம் நின்றுபோனது.

ஒரு நிமிஷம் இருக்கும். நான் ஜாக்கியின் கைப்பிடி மேல் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டு இருப்பதால் எதுவும் ஆகாது. அது எனக்குத் தெரியும். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் என் கையும் கைப்பிடியும் மட்டும்தான் தெரியும்.

"ஐயா." குரல் அடியிலிருந்து வந்தது. "இது யார் வண்டிங்க?"

"என் பொண்ணு வண்டி தம்பி. கிட்னி போன ஒன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா. செவ்வாக்கிழமை எவனோ அறுத்துட்டான். நாளைக்கு இது புகைப் பரிசோதனையில பாஸாகலன்னா அவ வேலை போச்சு."

ஜாக்கியின் கைப்பிடியைத் துணியால் துடைத்தேன்.

"நல்லா இறுக்கு தம்பி. ஒண்ணும் அவசரமில்ல. எனக்கும் எங்கயும் போக வேண்டியதில்ல, உனக்கும் இப்போதைக்கு இல்ல."

ஸ்பானர் திருகுகிற சத்தம் மறுபடி கேட்டது. இறுக்கினான் பாருங்கள், நான் ஒரு தடவை சொன்னதற்கு மூன்று தடவை இறுக்கினான். இந்த நேரத்தில் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு ஷெட்டு வாசலுக்கு வந்தாள். வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைப் பார்த்தாள். "யாருங்க?" என்றாள். "மெக்கானிக்" என்றேன். தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் வெளியே வந்தான். முகமெல்லாம் வேர்வை. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். வேனை ஸ்டார்ட் செய்தேன். பூனைக்குட்டி மாதிரி இருந்தது சத்தம்.

"விலை என்ன தம்பி?"

"வேணாங்க."

"சும்மா எப்படி?"

"வேணாங்க ஐயா." பையைத் தொட்டான், அப்புறம் என்னைப் பார்த்தான். நான் பையைப் பார்த்தேன். அதைத் திறந்து, உள்ளே இருந்த பேட்டரி ரம்பத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"போலீசுக்குச் சொல்லலியே. ரொம்ப நன்றிங்க."

"உன் கைக்கு நல்ல வேலை கிடைக்கும்டா. அடியில போற வேலையா இருந்தாலும் சரி, சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சு போ."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். தெருமுனை வரைக்கும் நடந்தான். அதற்கப்புறம் ஓடினான். முனை திரும்பியும் ஓடிக்கொண்டுதான் இருந்தான் என்று செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை வேன் பாஸானது. பரிசோதித்தவர் கருவியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாராம், இவ்வளவு சுத்தமான புகை வருமா என்று. அவர் நின்ற இடத்தில் ரோஜா வாசனை வந்தது என்றுகூடச் சொல்வேன், ஆனால் மகள் முறைப்பாள். சான்றிதழை அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்து, என் தட்டில் இருந்த கடைசித் தோசைத் துண்டை எடுத்துச் சாப்பிட்டாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம், சின்ன வயதிலிருந்தே.

எல்லாம் சுபம். ஒருவரைத் தவிர.

"எங்கயோ ஒரு பழசைப் பிடிச்சு வாங்கி மாட்டியிருக்கே" என்றார் மச்சான். "அதுக்கு ஒரு கதை."

"உங்க தங்கச்சியைக் கேளுங்க."

மனைவி சொன்னாள்: "எனக்கு ரெண்டு காலு தெரியும்ணே. காலைப் பாத்துத் திருடனா மெக்கானிக்கானு சொல்லத் தெரியாது."

"இந்த ரம்பம்?" என்றேன் நான்.

"கடையில விக்குது."

"கிலோக்காரரைக் கேளுங்க."

"பழைய இரும்புக்காரன் சாட்சியா?" என்று அவர் மாடியேறிவிட்டார்.

எட்டு நாள் பொறுத்தேன். வேலை பிழைத்தது, பெட்டி வந்தது, எல்லாம் சரி. ஆனால் வாழ்க்கையிலேயே ஒரு தடவை நான் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன், அதைப் போய் நம்பவில்லை என்றால் என்ன நியாயம்? ஆதாரம் என்னிடம் இருந்தது. அதைக் காட்டினால் எனக்குத்தான் ஆபத்து. ஒன்பதாம் நாள் ஆபத்தே மேல் என்று தோன்றிவிட்டது.

"மச்சான், டார்ச் எடுத்துட்டு வாங்க. உங்க வீட்டுச் சாவியும் எடுத்துக்குங்க. அடியில போய் அந்தப் பெட்டி மேல இருக்கிற எண் பட்டையைச் சாவியால சுரண்டுங்க."

"எதுக்கு?"

"சுரண்டுங்க, சொல்றேன்."

எழுபத்தொரு வயதில் மனிதர் பாய் விரித்து அடியில் போனார். மகள் டார்ச்சைப் பிடித்தாள். மனைவி வாசலில் நின்றாள், இந்தத் தடவையும் இரண்டு கால்தான் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு. சாவி சுரண்டுகிற சத்தம் கேட்டது. வெள்ளிப் பெயிண்ட் பொடிப்பொடியாகத் தரையில் விழுந்தது.

"கோடு தெரியுது" என்றார். "சின்னச் சின்னக் கோடு." இன்னும் கொஞ்சம் சுரண்டல். "பதினொண்ணு. பன்னண்டு. பதிமூணு." நிறுத்தினார். "பதினாலுல ஒரு வெட்டு இருக்கு."

"பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினப்ப விழுந்த வெட்டு" என்றேன். "நீங்க நெம்பினது."

அடியில் சத்தமே இல்லை. அன்று திருடன் அமைதியானதைவிட நீளமான அமைதி. இந்தத் தடவை பயந்தது நான்தான்.

"என் ஸ்கேல்" என்றார் கடைசியில்.

"நல்ல ஸ்டீல் மச்சான். அன்னிக்கு வேற எதுவும் கைக்குக் கிடைக்கல. மீதி ரெண்டு துண்டும் என் டூல் பாக்ஸ்ல பத்திரமா இருக்கு."

"அப்பா" என்றாள் மகள், டார்ச்சை என் முகத்துக்கு நேராகத் திருப்பி.

மச்சான் மெதுவாக வெளியே நகர்ந்து வந்து, பாயிலேயே உட்கார்ந்தார். தலையெல்லாம் வெள்ளிப் பொடி. திட்டப் போகிறார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வருஷமா எனக்கு மறதி வந்துடுச்சுனு நெனச்சிட்டிருந்தேன் மாப்ளே. வெச்ச எடம் தெரியலியேன்னு. டாக்டர்கிட்டகூடக் கேட்டேன். தினமும் சாயங்காலம் ஒரு பேப்பர்ல எதை எங்க வெச்சேன்னு எழுதி வெக்கறேன்."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் பாயில் உட்காரப் போனேன், முட்டி மடங்கவில்லை, பாதியிலேயே நின்றேன்.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது. விரலை மடக்கி எண்ணினார். "பெட்டி அதே பெட்டி. என் ஸ்கேலே சாட்சி. உன் முட்டி இந்த லட்சணத்துல இருக்கு, நீ அடியில போயிருக்க முடியாது. தங்கச்சி பாத்தது வேற ஆளோட காலு." கொஞ்சம் தயங்கினார். "கிலோக்காரரை நான் போன வாரமே கேட்டுட்டேன். ஒருத்தன் புதன்கிழமை இதைக் கொண்டுவந்தான், டூப்ளிகேட்டுனு திருப்பி அனுப்பினேன், கேட் பக்கத்துல நின்னு உன் அட்டையை ரெண்டு தடவை படிச்சிட்டுப் போனான்னு சொன்னார்."

"கேட்டுட்டு ஒரு வாரமா எங்கிட்ட சொல்லலியா?"

"நீ இன்னும் ரெண்டு நாள் தவிக்கட்டும்னு பாத்தேன்."

மனைவி சிரித்தாள். மகள் டார்ச்சை அணைத்தாள். நான் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், சத்தமாக என்று பேசியிருந்தோம் அல்லவா.

மச்சான் தலையிலிருந்த வெள்ளிப் பொடியைத் தட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வந்தான்யா. அறுத்தவனே வந்து மாட்டிட்டுப் போயிருக்கான். நடந்திருக்கு."